அறுபத்தொன்றாவது நாள்

பிப்ரவரி 18, செவ்வாய்

என் பேர் சோணைமுத்து. வயசு எழுபத்தாறு. எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் இருதயமேரி. கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு இருபத்தாறு வருசமாக மனு எழுதிக் கொடுக்கிறாள்.

"பெரியவரே, நீங்க வாயால சொன்னா இந்தக் காம்பவுண்டுக்குள்ள ஒருத்தனும் நம்பமாட்டான். தேதி போட்டு எழுதி வச்சா, நம்பாட்டியும் பயப்படுவான்" என்றாள். சரி, எழுது என்றேன். நான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், அலங்காரம் பண்ணக் கூடாது என்றும் சொன்னேன்.

"நீங்க யாரையாச்சும் வஞ்சா?"

"வசவையும் எழுது."

"அதுக்குப் புள்ளி வச்சிருவேன். நான் கோயிலுக்குப் போறவ."

என் மகன் இருளப்பன் ஜெயிலில் இருக்கிறான். கரண்டு மோட்டாருக்குக் காயில் கட்டுகிற தொழில். ரைஸ்மில் முதலாளி தோட்டத்தில் மோட்டார் களவு போனது. மூன்று மாதம் முந்தி அந்த மோட்டாரைப் பழுது பார்த்தவன் இவன். வீட்டில் செப்பு ஒயர் இருந்தது. காயில் கட்டுகிறவன் வீட்டில் செப்பு இருக்காமல் கருவாடா இருக்கும்? பிப்ரவரி மூன்று, திங்கட்கிழமை அடைத்தார்கள். இன்றைக்குப் பதினாறாவது நாள்.

இன்று அவனை ஜெயிலில் இருந்தபடியே கோர்ட்டு டிவிப் பெட்டியில் காட்டி வாய்தா போட்டார்கள். "வக்கீல் இருக்காரா?" என்று நீதிபதி அம்மா கேட்டார். இல்லை. "இலவச வக்கீல் போடுங்க." பரணிதரன் என்று ஒருவர் எழுந்தார். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர். "இருளாண்டிக்கு நான் ஆஜராகிறேன்" என்றார். என் மகன் பேர் இருளப்பன். அவர் உட்கார்ந்த பிறகு நான் சொன்னதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான் தாத்தா" என்றார். எப்படி ஒண்ணு? அவரைப் பரணிக்குப் பதிலாகக் கார்த்திகை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா?

எழுதி முடித்ததும் பக்கத்தின் அடியில் கைநாட்டு வைக்கச் சொன்னாள் இருதயமேரி. மாட்டேன் என்றேன். இனி எந்தக் காகிதத்திலும் என் விரல் படாது. ஏன் என்று கேட்டாள். போலீஸ் வீட்டுக்கு வந்த பிப்ரவரி இரண்டாம் தேதி என்ன நடந்தது என்றும் கேட்டாள். அது வேண்டாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நேற்று ஜெயிலுக்கு மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போனேன். இரண்டு பஸ். மருமகள் வெள்ளைத்தாய் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள், உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும். வரிசையில் நின்று பேர் கொடுத்தேன். முக்கால் மணி கழித்து வார்டர் வந்து, இருளப்பனுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை என்றார்.

காய்ச்சலாக இருக்கும்.

புளிச்சோற்றை பஸ் ஸ்டாண்டில் நானே தின்றேன்.

மார்ச் 1, சனி

மகன் பட்டறையில் பழுதுக்குக் கிடந்த மோட்டார்களில் மூன்றை ஆட்கள் வந்து திருப்பி எடுத்துப் போனார்கள். "தப்பா நினைக்காதீங்க" என்றான் ஒருவன். நினைத்தேன்.

மார்ச் 5, புதன்

முப்பத்தொன்றாவது நாள். மறுபடி டிவியில் காட்டி வாய்தா. வக்கீல் வரவில்லை. அவருக்குப் பதில் ஒரு கறுப்புக் கோட்டு எழுந்து தலையாட்டிவிட்டு உட்கார்ந்தது. ஜாமீன் மனு போட்டாயிற்று என்று வக்கீலின் குமாஸ்தா சௌந்தர் சொன்னான். வக்கீல் இன்னும் ஒரு தடவைகூட ஜெயிலுக்குப் போய் என் மகனைப் பார்க்கவில்லை. என்னிடம் பேசியது இதுவரை இரண்டு தடவை. பதினெட்டாம் தேதி சொன்ன ஒரு வரி, இருபதாம் தேதி மாடிப்படியில் "பாத்துக்கலாம்". படிக்கட்டில் ஏழாவது படி. எனக்கு மறக்காது. நான் நாற்பத்தோரு வருசம் எங்கள் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. நூற்று நாற்பத்து மூன்று வயலுக்கு, யாருக்கு எப்போது தண்ணீர் முறை, எத்தனை நாழிகை என்று ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் தலைக்குள் வைத்திருந்தவன். ஒரு முறை மாறியதில்லை.

போன வாரமும் ஜெயிலுக்குப் போனேன். அவன் வேலையில் இருந்தானாம்.

மார்ச் 11, செவ்வாய்

ஜாமீன் மனு தள்ளுபடி. காரணம் வாசித்தார்கள். எழுத வேண்டாம்.

மார்ச் 13, வியாழன்

இன்று கோர்ட்டு வளாகத்தில் ஏழைகளுக்கான சட்ட உதவி முகாம். பந்தல், சீரியல் செட்டு, லாரி நீளத்துக்குப் பேனர். பேனரில் ஒரு தராசும் பதினோரு முகங்களும் இருந்தன. ஒன்றுகூட ஏழை முகம் இல்லை. வந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் சால்வை. ஒருவருக்குப் போட்ட சால்வையை மடித்து அடுத்தவருக்குப் போடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை, ஆளுக்கு ஒன்று புதுசு. பதினேழு சால்வை. இந்த மாசிக் கடைசி வெயிலில்.

ஆள் போதவில்லை என்று மரத்தடியில் இருந்த எங்களையும் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட், தண்ணீர்ப் பாட்டில். போட்டோ எடுத்தார்கள். மேடையில் ஒருவர், "வக்கீல் வைக்க வசதியில்லாத ஒருவர்கூட இந்த நாட்டில் தனியாக நிற்க வேண்டியதில்லை" என்றார். நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்த சௌந்தர் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"உக்காருங்க தாத்தா, கேள்வி நேரம் கடைசியில."

கடைசியில் சாப்பாடுதான் இருந்தது. கேள்வி நேரம் இல்லை. என் வக்கீல் இரண்டாவது வரிசையில் இருந்தார், சாப்பாட்டுக்கு நிற்காமல் ஓடினார். முகாமுக்கு வர நேரம் இருக்கிறது. ஜெயிலுக்குப் போக இல்லை.

பிஸ்கட்டை நாய்க்குப் போட்டேன் என்று எழுதச் சொன்னேன். "பொய் சொல்லாதீங்க, என் முன்னாடிதான் தின்னீங்க" என்கிறாள். சரி. தின்றேன்.

மார்ச் 20, வியாழன்

நாற்பத்தாறு. மூன்றாவது வாய்தா. டிவியில் அவன் மெலிந்து தெரிந்தான். காது நீட்டிக்கொண்டு இருந்தது.

இன்று இருதயமேரி ஒரு விஷயம் சொன்னாள். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று திட்டினேன். "உங்க வக்கீல் சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்" என்றாள். சட்டம் இதுதான். இந்த மாதிரிக் களவு கேசில் அடைத்து அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போட வேண்டும். போடாவிட்டால், அறுபத்தொன்றாவது நாள், கேட்டவனுக்கு ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். முன்பு தள்ளுபடி ஆனதெல்லாம் கணக்கில்லை. ஆனால் கேட்க வேண்டும். நாம் கேட்பதற்குள் போலீஸ் பத்திரிகையைப் போட்டுவிட்டால் அந்த உரிமை போயே போயிற்று.

"எழுதித்தான் கேக்கணுமா?"

"உள்ள இருக்கிறவன் வாயைத் திறந்து கேட்டாலே போதும்."

எனக்கு உடனே புரிந்தது. தண்ணீரும் இப்படித்தான். முறை வந்தவன் அந்த நேரத்தில் மடையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுவேன். அழுதாலும் திரும்ப வராது. அப்படி அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். திருப்பிவிட்டதும் நான்தான்.

விரல் விட்டு எண்ணினேன். பிப்ரவரியில் இருபத்தாறு. மார்ச் முப்பத்தொன்று. ஏப்ரல் நாலாம் தேதி வெள்ளிக்கிழமை அறுபத்தொன்று. அன்றைக்குத்தான் அடுத்த வாய்தாவும்.

மார்ச் 21, வெள்ளி

ஜாமீன் தள்ளுபடி ஆன உத்தரவின் நகலை இருதயமேரி வாங்கி வந்து படித்துவிட்டாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இதை எழுதாம இந்த நோட்டு முழுசா இல்ல, பெரியவரே" என்றாள். எழுது.

பிப்ரவரி இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. பொழுது சாயும் நேரம். நாலு போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருளப்பனை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். வெள்ளைத்தாய் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஒயர்க்கட்டு மூன்றை வாசலில் போட்டு ஸ்டேஷன் ரைட்டர் ஏதோ எழுதினார். முழுசாக ஒரு பக்கம். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பெருசு, உன் வீட்டுல இருந்து ஒயர் எடுத்துட்டுப் போறோம். நாளைக்கு எடுக்கலைன்னு நாங்க சொல்லிறக் கூடாது பாரு, அதுக்கு ரசீது. உனக்குப் பாதுகாப்பு."

"என்னய்யா எழுதியிருக்கு?" என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவரே சொன்னார், "எல்லாம் வழக்கமா எழுதுறதுதான்." நாற்பத்தோரு வருசம் யூனியன் ஆபீசில் எத்தனையோ காகிதத்தில் கைநாட்டு வைத்திருக்கிறேன். எவனும் படித்துக் காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் வேலைக்கு நேரமாகும் என்பார்கள். ரைட்டர் என் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் உருட்டி, காகிதத்தில் வைத்து அழுத்தினார். விரலை அவர் பிடித்தார் என்று சொல்லித் தப்பிக்க நான் ஆளில்லை. கையை நீட்டியவன் நான்.

அந்தக் காகிதத்தில் இப்படி இருக்கிறது என்று உத்தரவில் எடுத்து எழுதியிருக்கிறார்கள். இருதயமேரி எனக்கு மூன்று தடவை படித்தாள். "என் மகன் இருளப்பன் மேற்படி மோட்டாரைத் திருடி உடைத்து, அதன் ஒயரை வீட்டில் மறைத்து வைத்ததாக என் முன்னிலையில் ஒப்புக்கொண்டான். படித்துக் காட்டக் கேட்டேன். சரி."

பெற்ற தகப்பனே சொல்லியிருப்பதால் ஜாமீன் இல்லை என்று உத்தரவு.

படித்துக் காட்டக் கேட்டேனாம். எவன்டா படித்துக் காட்டினான்? (இந்த இடத்தில் இருதயமேரி நாலு புள்ளி வைத்திருக்கிறாள்.)

அந்தக் காகிதத்தை ஸ்டேஷனிலேயே அவனிடம் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் கோர்ட்டில் இருந்து வேனில் ஏற்றும்போது என் பக்கம் திரும்பி, "நீயுமாப்பா?" என்றான். அவ்வளவுதான் பேசினான். அவனுக்குக் காய்ச்சலும் இல்லை, வேலையும் இல்லை. என்னைப் பார்க்க வரவில்லை. நாலு தடவை போனேன், நாலு தடவையும் வரவில்லை.

ஒரு கேள்வி மட்டும். இலவச வக்கீல் என்னிடம் பத்து நிமிசம் பேசியிருந்தால் இதை நான் அவரிடம் சொல்லியிருப்பேன். அவர் நீதிபதியிடம் சொல்லியிருப்பார், இந்த ஆளுக்குப் படிக்கத் தெரியாது, எவனும் படித்துக் காட்டவில்லை என்று. பத்து நிமிசம். அதற்குத்தானே அரசாங்கம் அவரைப் போட்டது?

மார்ச் 26, புதன்

சென்னையில் இருந்து ஒரு அதிகாரி அம்மா வந்திருக்கிறார், திலகவதி என்று பேர். ஏழைக் கைதிகளுக்கு வக்கீல் வைக்க அரசாங்கம் கொடுக்கிற பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்த்து அறிக்கை எழுதுவார்களாம். கையில் சிலேட்டு மாதிரி ஒரு கண்ணாடிப் பலகை. மரத்தடிக்கே வந்தார்.

"ஐயா, இலவச வக்கீல் சேவையில உங்களுக்கு எப்படி? ரொம்பத் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, திருப்தி இல்லை. நாலுல ஒண்ணு சொல்லுங்க."

"என் மகன் பேரையே தப்பாச் சொன்னாரும்மா. அது எந்தக் கட்டம்?"

"எனக்குக் குடுத்திருக்கிறது நாலு கட்டம்தான் ஐயா."

"அப்ப அஞ்சாவது ஒண்ணு போடு. வயித்தெரிச்சல்."

சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருதயமேரியின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷிதான். கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னார். வந்த பணத்தில் பெரும்பங்கு முகாம், பந்தல், கார், கட்டடம், விளம்பரம். கேஸ் நடத்துகிற வக்கீலுக்குப் போனது கொஞ்சம். அதற்கென்று இருந்ததிலும் செலவாகாமல் திரும்பிப் போனது கொஞ்சம்.

"திரும்பிப் போச்சா? ஏம்மா, ஜெயில்ல ஆள் இல்லையா, செலவு பண்ண?"

"பில் சரியா வரலைன்னு நிறுத்தி வச்சிருக்காங்க ஐயா."

நான் அவருக்குச் சொன்னேன். எங்கள் கண்மாய்க்கு ஐந்து மடை. கண்மாய் நிறைந்ததா என்று கரையில் நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தலைமடையில் வரப்பு உடைந்து ரோட்டில் தண்ணீர் ஓடும், பார்ப்பதற்குச் செழிப்பாக இருக்கும். கடைமடை வயலில் கால் வைத்தால் வெடிப்புக்குள் போகும். தண்ணீர் சேர்ந்ததா என்று கடைமடையில் போய்த்தான் பார்க்க வேண்டும். நீ எத்தனை ஜெயிலுக்குள் போய்ப் பார்த்தாய் என்று கேட்டேன்.

கண்ணாடிப் பலகையை மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "இதை எழுத்துல குடுங்க. அறிக்கையோட நான் சேர்க்கிறேன். வாயால சொன்னதைச் சேர்க்க முடியாது. கீழே கையெழுத்தோ கைநாட்டோ கட்டாயம் இருக்கணும்" என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்.

கைநாட்டா? போம்மா.

மார்ச் 28, வெள்ளி

வருசக் கடைசி என்று ஆபீசெல்லாம் ஓடுகிறது. திங்கள் ரம்ஜான், கோர்ட்டு இல்லை. அதற்குள் செலவுக் கணக்குப் போக வேண்டுமாம். சௌந்தர் மைப்பெட்டியும் ஒரு காகிதமும் கொண்டுவந்தான்.

"தாத்தா, இதுல ஒரு விரல்."

இருதயமேரி வாங்கிப் படித்தாள். வக்கீல் ஆறு முறை சிறைக்குச் சென்று கைதியைச் சந்தித்தார், குடும்பத்தாருக்கு வழக்கின் நிலையை விளக்கினார், சேவை திருப்தி.

"ஆறு தடவையா? நானே ஆறு தடவை போகலடா."

"எல்லாம் வழக்கமா எழுதுறதுதான் தாத்தா."

அது ரைட்டர் சொன்ன அதே வார்த்தை. காகிதத்தைக் கிழித்தேன். இரண்டாக, நாலாக, எட்டாக. சௌந்தர், "உங்க விரல் இல்லேன்னா ஊருல வேற விரலே இல்லையா?" என்று சொல்லிக்கொண்டு போனான்.

பத்து நிமிசத்தில் வக்கீலே வந்தார். இந்த ஒன்றரை மாதத்தில் அவர் என்னைத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை.

"கிழிச்சுட்டீங்களாமே? உங்களுக்கு என்ன தெரியும்? கேஸ் முழுசா முடிஞ்சாத்தான் எனக்குப் பில்லு. பில்லு போட்டு ஒன்றரை வருஷமாச்சு, போன கேசுக்கே வரல. ஜெயிலுக்குப் போய்வர பஸ் காசுக்கு எந்தப் பட்டியல்லயும் இடம் கிடையாது. ஆறு தடவைன்னு எழுதலைன்னா ஒரு தடவைக்குள்ளதும் வராது. என்கிட்ட இந்த மாதிரி நாப்பது கேஸ். நான் என்ன, சால்வையைச் சாப்பிடவா?"

முகத்தில் எச்சில் தெறிக்கக் கத்தினார். கடைமடைக்காரன் எப்போதும் நீர்பாய்ச்சியைத்தான் அடிக்க வருவான். கண்மாயில் தண்ணீர் விடாதவன் வீட்டுக்கு எவனும் போகமாட்டான். மண்வெட்டியோடு என்னை விரட்டியிருக்கிறார்கள். ஆனாலும் நான் வராத தண்ணீரை வந்ததாக ஒருநாளும் சொன்னதில்லை.

கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன். "வக்கீலய்யா, ஏப்ரல் நாலு அறுபத்தொண்ணு. அன்னைக்கு ஜாமீன் கேப்பீங்களா?"

"அடைச்ச நாளைச் சேர்க்கக் கூடாது. அஞ்சாம் தேதிதான் அறுபத்தொண்ணு. சனிக்கிழமை. திங்கக்கிழமை போடலாம்."

"தண்ணி திறந்த நாளும் முறைக் கணக்குல சேரும்யா."

"இது தண்ணி இல்ல, சட்டம்."

இருதயமேரிக்கும் நிச்சயமில்லை. இரண்டு விதமாகவும் சொல்வார்களாம். ஸ்டேஷன் ஏட்டு ஒருவர் டீக்கடையில் அவளிடம் சொன்னது மட்டும் நிச்சயம். குற்றப்பத்திரிகை தயார், வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போட்டுவிடுவோம் என்று. அவர்களும் வக்கீல் மாதிரியே எண்ணியிருக்கிறார்கள். ஆக எங்களுக்கு இருப்பது வெள்ளிக்கிழமை காலை ஒன்றுதான்.

மார்ச் 31, திங்கள்

லீவு. ஜெயிலுக்கு லீவு இல்லை. ஐம்பத்தேழு. (மறுநாள் சொல்லி எழுதியது.)

ஏப்ரல் 2, புதன்

விடிகாலை பஸ் பிடித்தேன். இன்று அவன் வராவிட்டால் எல்லாம் போயிற்று. வெள்ளைத்தாயைப் போகச் சொல்லலாம் என்றால், அவளைப் பார்த்தாலே அவன் அழுவான், எதுவும் காதில் ஏறாது.

ஜன்னலில் வார்டர் கேட்டார், "என்ன உறவு? அப்பாவா? அவன்தான் உங்களைப் பாக்க வரமாட்டேங்கிறானே."

"அப்பன் வரலைன்னு சொல்லுங்க. நீர்பாய்ச்சி வந்திருக்கான், முறை சொல்ல வந்திருக்கான்னு சொல்லுங்க."

"என்னது?"

"அப்படியே சொல்லுங்க சாமி. அவனுக்குத் தெரியும்."

தண்ணீர்க் காலத்தில் வீடு வீடாகப் போய், நாளைக்கு உன் முறை என்று சொல்ல வேண்டியது என் வேலை. எனக்கும் பங்காளி ஒருத்தனுக்கும் பதினோரு வருசம் பேச்சுவார்த்தை இல்லை. அப்போதும் அவன் வாசலில் நின்று முறை சொன்னேன். அவனும் வெளியே வந்து கேட்டான். முறை சொல்ல வந்தவனுக்கு முகம் கொடுக்காமல் இருக்க எங்கள் ஊரில் யாருக்கும் உரிமை இல்லை. இருளப்பன் அதைப் பார்த்து வளர்ந்தவன்.

வந்தான்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம், என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். தாடி நரைத்திருந்தது. முப்பத்தொன்பது வயசுக்கு.

"சொல்லு" என்றான்.

"நாளைக் கழிச்சு வெள்ளிக்கிழமை உன் முறை. டிவியில உன்னைக் காட்டுவாங்க. அடுத்த வாய்தா சொல்றதுக்கு முந்தி நீ வாயைத் திறந்து சொல்லணும். அறுபது நாள் முடிஞ்சிருச்சு, குற்றப்பத்திரிகை வரல, எனக்கு ஜாமீன் குடுங்க. இவ்வளவுதான். திருப்பிச் சொல்லு."

சொல்லவில்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு கேட்டியாப்பா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேக்கல. அவ்வளவுதான். காரணம் சொன்னா அது பொய்யாப் போகும்."

பக்கத்தில் யாரோ ஒரு அம்மா தன் மகனிடம் கத்திக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அவன் திரும்பி நடந்தான். சொல்வானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 4, வெள்ளி

அறுபத்தொன்று.

பத்தரைக்குக் கோர்ட்டு ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வக்கீல் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் கட்டுக் காகிதத்தோடு ஆபீஸ் ஜன்னலில் நின்றார். ஜெராக்ஸ் இன்னும் இரண்டு செட்டு வர வேண்டுமாம். அந்த ஜெராக்ஸ் மிஷினுக்குக் கோயில் கட்டுவேன்.

பேர் கூப்பிட்டார்கள். டிவியில் என் மகன். நீதிபதி அம்மா காகிதத்தைப் புரட்டி, "வாய்தா..." என்று ஆரம்பித்தார். அவன் நின்றுகொண்டே இருந்தான். வாய் திறக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"சொல்லுங்க."

"அறுபது நாள் முடிஞ்சிருச்சு. குற்றப்பத்திரிகை வரல. எனக்கு ஜாமீன் குடுங்க." ஒரு வார்த்தை மாறவில்லை.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். இன்றைக்குத்தான் அறுபதாவது நாள், பத்திரிகை வாசலில் இருக்கிறது, இதோ அரை மணியில் போட்டுவிடுவோம் என்றார். நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

"பிப்ரவரி இருபத்தாறு, மார்ச் முப்பத்தொண்ணு, ஏப்ரல் நாலு. கூட்டிப் பாருங்கம்மா."

"யாரது?"

"அவன் தகப்பன்."

டவாலி என் தோளைப் பிடித்தார். நீதிபதி அம்மா விடச் சொன்னார். "அடைச்ச முதல் நாளைச் சேர்க்கலாமான்னுதான் இங்க கேள்வி, பெரியவரே."

"அன்னைக்கு ராத்திரி அவன் எங்க வீட்டுல சோறு திங்கலம்மா. உங்க சோறுதான் தின்னான். அப்ப அந்த நாள் யாரு கணக்கு?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பத்து ஐம்பதுக்குக் கைதி ஜாமீன் கேட்டார் என்று முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு உள்ளே போனார். இருபது நிமிசம். அதற்குள் ஜெராக்ஸ் வந்து குற்றப்பத்திரிகையும் ஜன்னலில் நுழைந்துவிட்டது. திரும்பி வந்து சொன்னார். அடைத்த நாளும் சேரும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. கைதி கேட்டது பத்திரிகை வருவதற்கு முன்னால். ஜாமீன்.

அப்போதுதான் வக்கீல் மூச்சிரைக்க உள்ளே வந்தார். அடுத்த கோர்ட்டில் இருந்தாராம். எழுத்திலும் ஒரு மனு கொடுங்கள் என்று அவரிடம் சொன்னார்கள். மரத்தடிக்கு வந்து இருதயமேரியிடம் அந்த மனுவை டைப் அடிக்கச் சொன்னார். அவள் அடிக்கும்போது என்னைப் பார்க்காமல், "கணக்கு சரிதான் தாத்தா" என்றார்.

ஜாமீன் வாங்கிக் கொடுத்தவர் பரணிதரன் என்று அரசாங்கத்தின் பட்டியலில் ஏறும். ஏறட்டும். சேவை திருப்தி என்றும் ஏறும். அதை நினைத்தால்தான் பற்றி எரிகிறது.

ஏப்ரல் 7, திங்கள்

இரண்டு ஜாமீன்தார் வேண்டும். வெள்ளைத்தாயின் அண்ணன் ஒருவர். இன்னொருவர் வீடு தன் பேரில் உள்ளவராக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுத் தீர்வை ரசீது என் பேரில் இருக்கிறது.

ஆபீசில் கிளார்க் மைப்பெட்டியைத் திறந்து என் முன்னால் தள்ளினார்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"வழக்கமா எழுதுறதுதான்."

"வாசிங்க."

"பெரியவரே, பின்னாடி பதினஞ்சு பேர் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். வாசிங்க."

வாசித்தார். மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடி வாசித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு. பின்னால் நின்ற ஒரு கிழவி, "எனக்கும் அப்படியே வாசிக்கணும்யா" என்றாள். நானாக விரலை மையில் வைத்தேன்.

சாயங்காலம் ஜெயில் வாசலில் இருளப்பன் வெளியே வந்தான். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்தான். நான் இறங்கத் தடுமாறியபோது கையைப் பிடித்தான்.

ஏப்ரல் 9, புதன்

இருளப்பனைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தேன். இந்த நோட்டைச் சென்னைக்கு அந்த அதிகாரி அம்மாவுக்கு அனுப்பப் போகிறேன். கேஸ் இன்னும் இருக்கிறது. பொய்க் காகிதமும் கட்டுக்குள் இருக்கிறது. அது பொய் என்று கூண்டில் ஏறிச் சொல்வேன். அதற்கு முன்னால் இது போக வேண்டும். கரையில் நின்று கண்மாயைப் பார்க்கிறவர்களுக்குக் கடைமடையில் இருந்து ஒருவன் எழுதியது.

அனுப்புவதற்கு முன்னால் முதல் பக்கத்தில் இருந்து எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றேன். இருதயமேரி கண்ணாடியை எடுத்தாள். "எட்டாவது படிச்சவன் இருக்கான், அவன் படிக்கட்டும்" என்றேன்.

இருளப்பன் படித்தான். பிஸ்கட் இடத்தில் லேசாகச் சிரித்தான். மார்ச் இருபத்தொன்று வந்ததும் நிறுத்தினான். பிறகு அந்தப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தான். "கையை நீட்டியவன் நான்" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. கடைசி வரை படித்து முடித்து, மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் வைத்தான்.

யாரும் என் விரலைப் பிடிக்கவில்லை.

படித்துக் காட்டக் கேட்டேன். சரி.